குரோட்டன் பால்

கையில உறை எதுக்குன்னுதானே பாக்கறீங்க மேடம்? எல்லாரும் அப்பிடித்தான் பாக்கறாங்க. செடி விக்கிற எடத்துல இந்தப் பொம்பள மட்டும் நர்ஸம்மா மாதிரி ரப்பர் உறை போட்டுக்கிட்டு நிக்கறாளேன்னு. நீங்க வாயைத் தெறந்து கேக்கல, ஆனா கேட்ட மாதிரிதான். ஒக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்து நெழல்ல போட்டுக்குங்க. பஞ்சர் ஒட்ட உங்க டிரைவர் மதுராந்தகம் வரைக்கும் போயாவணும். வர்றதுக்கு எப்பிடியும் ஒரு மணி நேரம் ஆவும்.

குரோட்டன்ஸ் வாங்கிட்டுப் போயி வூட்லயே பதியன் போடணும்னு கேட்டீங்க இல்ல? அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பென்சில் தடிமன்ல ஒரு கெளையைப் பாருங்க. ரொம்ப எளசும் வேணாம், முத்தினதும் வேணாம். கத்தியால சுத்தி ஒரு கீறல் போடுங்க. ஒரு இஞ்ச் கீழ இன்னொரு கீறல். நடுவுல இருக்கிற தோலை மோதரம் கழட்டற மாதிரி கழட்டிடுங்க. வேர் மருந்து தடவி, ஈரப்பாசியை வச்சி, பிளாஸ்டிக் தாளைச் சுத்தி, ரெண்டு பக்கமும் சாக்லேட் தாள் மாதிரி முறுக்கிக் கட்டிட்டீங்கன்னா நாப்பது நாள். வெள்ளை வெள்ளையா வேர் ஓடறது தாளுக்கு வெளியவே தெரியும். அப்ப கீழ வெட்டிப் பையில நட்டு, மொதல்ல நெழல்ல வைங்க. நெழல்ல இருக்கும்போது கலர் வராது, பச்சையாவே கெடக்கும். வேர் புடிச்சப்பறம் கொஞ்சங்கொஞ்சமா வெயிலுக்குத் தள்ளுங்க. அப்பறம் பாருங்க, மஞ்சளும் செவப்பும் எப்பிடி ஏறுதுன்னு.

ஆனா தோலைக் கழட்டும்போது பால் வரும். அதைத்தான் சொல்றேன். அந்தப் பாலை வெறுங்கையால தொடாதீங்க. ஒம்போது வருஷமா வெறுங்கையாலயே தொட்டவ நான். ஒரு நாளைக்கி நூத்தியம்பது பதியன் கட்டுவேன். ஒண்ணும் ஆவல. ஒம்போது வருஷம் ஒண்ணும் ஆவல.

உங்ககிட்ட சொல்றதுல பயமில்ல மேடம். நீங்க மெட்ராஸ்காரங்க. செடியை ஏத்திக்கிட்டுப் போயிடுவீங்க. இந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட இதை நான் சொன்னதில்ல.

என் பேரு அஞ்சலாட்சி. எனக்கு ஒரே பொண்ணு, சுகுணா. போன வைகாசியில அவளுக்கு அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஒரு எடம் அமைஞ்சிது. பையன் மின்வாரியத்துல வேலை. நல்ல குடும்பம். தை மாசம் கல்யாணம்னு பேசி வச்சோம். அது வரைக்கும் எனக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வரும், காலையில எழுந்தா பசிக்கும். பயம்னா என்னான்னு தெரியாமத்தான் இருந்தேன்.

இங்க என்கூட பவுனுன்னு ஒருத்தி வேலை பாத்தா. பவுனம்மா. என் வயசுதான் இருக்கும். ரெண்டு ஸ்டாப்பிங் தள்ளி அவ ஊரு. புருஷன் இல்ல, மவன் மருமவளோட இருந்தா. நாங்க ரெண்டு பேரும் ஒரே வரிசையில எதிரும் புதிருமா ஒக்காந்து பதியன் கட்டுவோம். நான் நூத்தியம்பது கட்டினா அவ எரநூறு கட்டுவா. அவ கட்டின பதியன் ஒண்ணுகூட அழுவாது. சாப்பாட்டை எடுத்து வச்சா என் டப்பாவுல பாதி அவளுக்கு, அவ டப்பாவுல பாதி எனக்கு.

அன்னிக்கி அவ கருவாட்டுக் கொழம்பு எடுத்தாந்திருந்தா. என் சோத்துல ஊத்தினா. ஊத்தும்போதுதான் அவ விரலைப் பாத்தேன். நுனியெல்லாம் தோல் உரிஞ்சி, தடிச்சி, வெடிச்சி, அங்கங்க வெளுத்துப் போயி இருந்துச்சி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கறுத்து மரப்பட்டை மாதிரி.

"என்னாடி இது கையி?"ன்னேன்.

"என்னாமோ தெரியல, ரெண்டு மாசமா இப்பிடித்தான் இருக்குது. தேங்காண்ணெய் தடவறேன்"னா.

தண்ணி எடுத்தாரேன்னு சொல்லிட்டு டப்பாவோட எழுந்து போயி, சோத்தை எருக்குழியில கொட்டிட்டு வந்தேன்.

ஏன்னு கேப்பீங்க. எங்கம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், தாண்டவராயன்னு பேரு. அவருக்கு அந்த வியாதி வந்துச்சி. பேரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். விரல்லதான் ஆரம்பிச்சிது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப எங்க பெரியக்காவுக்கு நிச்சயம் ஆயிருந்துச்சி. நாலாம் நாளு நிச்சயத் தட்டு திரும்பி வந்துட்டுது. அக்கா கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல. மாமா ரெண்டு வருஷம் கழிச்சி வந்தார். மாத்திரை சாப்ட்டு முழுசா கொணமாயிட்டுதுன்னு டாக்டர் எழுதின சீட்டைச் சட்டப்பையில வச்சிருந்தார். அதை யாரும் வாங்கிப் படிக்கல. எங்கம்மாகூட வாசல்லயே சோறு போட்டு அனுப்பிட்டாங்க. அப்ப எனக்குப் பத்து வயசு. கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன்.

அதான் மேடம். பவுனு கையைப் பாத்ததும் எனக்கு எங்கக்கா மொகந்தான் தெரிஞ்சிது. அக்கா மொகத்துல சுகுணா மொகம்.

அதுக்காக நான் தப்பா ஒண்ணும் சொல்லல. மறுநாள் என் மணையை எடுத்துக்கிட்டு அந்தக் கடைசி வரிசைக்குப் போயி ஒக்காந்தேன். இங்க வெயில் அடிக்குதுன்னு அவகிட்ட சொன்னேன். ஓனர் திருஞானம் சார்கிட்ட, "சார், பவுனு கையைக் கொஞ்சம் பாருங்க, கஸ்டமருங்க வந்து போற எடம்"னு சொன்னேன். அவ்ளோதான். வியாதி பேரு என் வாயிலேர்ந்து வரல. டீ குடிக்கும்போது கூட வேலை பாக்கற ரெண்டு பொண்ணுங்ககிட்ட சொன்னேன், அதுவும் அவளுங்க நல்லதுக்கு. புள்ளைங்க இருக்கிற வூடு. நாளைக்கி ஒண்ணுன்னா, தெரிஞ்சும் சொல்லலியேன்னு ஆயிடும் பாருங்க.

ஒரு வாரம். ஒரே வாரத்துல, காலையில வர்ற பஸ்ஸுல பவுனு பக்கத்து சீட்டு காலியா வந்துச்சி.

ஆனி மாசம் ஒரு சனிக்கெழமை சார் அவளைக் கூப்ட்டு, "ஒடம்பு சரியானதும் வாம்மா"ன்னுட்டார். நல்லவிதமாத்தான் சொன்னார். அவ நேரா என்கிட்ட வந்தா. சாக்கு தைக்கிற கோணி ஊசி கெடந்துச்சி, அதை எடுத்தா. என் கண்ணு முன்னாலயே விரல் நுனியில குத்திக்கிட்டா. ரத்தம் வந்துச்சி.

"பாரு அஞ்சல. வலிக்குது. எனக்கு வலிக்குதுடி. அந்த வியாதின்னா வலிக்காது. நீ போயி சார்கிட்ட சொல்லு."

எனக்கு அப்ப தொட்டியில தண்ணி ரொம்பிக்கிட்டிருந்துச்சி. மோட்டாரை நிறுத்தப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப அவ இல்ல.

அவ போனதும் அவ வரிசையும் என் தலையில விழுந்துச்சி. ஆடி பொறந்து மழை ஆரம்பிச்சா பதியனுக்கு அதான் சீசன். அந்த வருஷம் பாத்து ஒரு ஓட்டல்காரன் அஞ்சாயிரம் குரோட்டன்ஸ் கேட்டிருந்தான், எல்லாம் பெரிய எலை ரகம், பால் ஊத்தற ரகம். காலையில எட்டு மணிக்கி கத்தியை எடுத்தா சாயங்காலம் அஞ்சி வரைக்கும் பால்லயே கையி ஊறிக் கெடக்கும். பவுனு கட்டற எரநூறையும் சேத்து நானே கட்டினேன்.

ஆவணி கடைசியில, இங்க பாருங்க, இந்தக் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல அரிப்பு எடுத்துச்சி. கொசு கடிச்சிதுன்னு நெனச்சேன். மூணாம் நாளு செவந்துச்சி. அப்பறம் பொடிப்பொடியா கொப்புளம். அப்பறம் காஞ்சி கறுத்து, தோல் தடிச்சி வெடிச்சிது. நுனியில வெளுத்துச்சி.

ஒரு காலையில பாத்திரம் வெளக்கும்போது கையைப் பாக்கறேன், அது என் கையி இல்ல மேடம். பவுனு கையி.

 தொட்டியாண்டயே ஒக்காந்துட்டேன். ஒட்டிக்கிச்சி, அவகிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சின்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்குது. வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன், மனசுக்குள்ள. பாவி, எல்லாத்தையும் பங்கு போட்டுச் சாப்ட்டா, இதையும் பங்கு போட்டுட்டாளேன்னு.

அன்னிக்கிலேர்ந்து பயத்துலயே வாழ்ந்தேன். சாமி மாடத்துல ஒரு ஊசியை ஒளிச்சி வச்சிக்கிட்டேன். காலையில எழுந்ததும் வெரல்ல குத்திப் பாப்பேன். வலிக்கும். அப்பாடான்னு இருக்கும். அடுத்த நிமிஷமே, நேத்து இன்னும் ஜாஸ்தி வலிச்சிதே, இன்னிக்கி கொறைச்சலா இருக்குதேன்னு தோணும். திரும்பக் குத்துவேன். குத்திக் குத்திப் புண்ணாயிட்டுது. புண்ணைப் பாத்தா இன்னும் பயம்.

எனக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர் வச்சிக்கிட்டேன். கேட்டா விரதம்னேன். பாயைத் தனியாப் போட்டேன். எங்க வூட்டுக்காரர் ஏகாம்பரம், வாயைத் தெறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன். அவரே ஒரு நாள், "நான் என்னா தப்பு பண்ணேன், சொல்லிட்டுப் பண்ணு"ன்னார். என்னான்னு சொல்வேன்? எனக்கு ஒடம்பு சூடுன்னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமில்லன்னு நீங்க நெனப்பீங்க. போனா எழுதிக்குவாங்க. எழுதிக்கிட்டா வூட்டுக்கு வருவாங்க. வந்தா தெருவே பாக்கும். தெரு பாத்தா அச்சரப்பாக்கத்துக்குப் போவ எவ்ளோ நேரம் ஆவும்?

ஐப்பசியில நிச்சயதார்த்தம் வச்சாங்க. ரெண்டு நாளைக்கி முன்னாலயே கையில மஞ்சத்துணியைச் சுத்திக்கிட்டேன். அருவாமணை வெட்டிட்டுதுன்னு சொன்னேன். தட்டு மாத்தற நேரம். சம்மந்தியம்மா தட்டைத் தூக்கிக்கிட்டு எதுர்ல நிக்கறாங்க. பொண்ணோட அம்மா நான்தான வாங்கணும்? என் நாத்தனாரைப் புடிச்சி முன்னால தள்ளிட்டேன்.

"என்னா சம்மந்தி, காயம் இவ்ளோ பெருசா?"ன்னு அந்தம்மா என் கையைப் புடிக்க வந்தாங்க. நல்ல மனசு, ஆசையாத்தான் வந்தாங்க. நான் ரெண்டடி பின்னால போனேன். போன வேகத்துல குத்துவெளக்கு சாஞ்சிது. எண்ணெய் கொட்டிப் பாய் நனைஞ்சிது.  வெளக்கு சாஞ்சா என்னா நெனப்பாங்கன்னு உங்களுக்குச் சொல்லணுமா?

அதைக்கூடத் தாங்கிக்கலாம். எல்லாரும் நலங்கு வைக்கிறாங்க, சுகுணா நெத்தியில குங்குமம் வைக்கிறாங்க. கடைசியா நான் வைக்கணும். அவ மொகத்தை நிமிர்த்திக்கிட்டு ஒக்காந்திருக்கறா. நான் குங்குமச் சிமிழைப் பாக்கறேன், என் வெரலைப் பாக்கறேன். "கை எரியுது, நீயே எடுத்து வச்சிக்கோ"ன்னேன்.

அவ எடுத்து வச்சிக்கிட்டா. வூட்டுக்குள்ள போனப்பறம் அழுதுது அந்தப் பொண்ணு. "இந்த எடம் உனக்குப் புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்மா"ன்னுது.  உன்னைத் தொடக் கூடாதுன்னுதான்டி, உன்னைக் காப்பாத்தத்தான்டின்னு மனசுக்குள்ள சொன்னேன். அந்தப் புள்ளைக்கு எப்பிடிக் கேக்கும்?

கார்த்திகை பொறந்துச்சி. வேலைக்கி வரும்போது பழைய துணியைக் கையில சுத்திக்குவேன். அந்தத் துணியிலதான் பாலைத் தொடைக்கறது, அதையேதான் மறுநாளும் சுத்திக்கறது. இப்ப நெனச்சா சிரிப்பா வருது. ஒரு நாள் மத்தியானம் வெள்ளைப் புடவை கட்டின ஒரு அம்மாவும், ஃபைல் வச்சிக்கிட்டு ஒரு ஆளும் கேட்டைத் தெறந்துக்கிட்டு உள்ள வராங்க. சார் எழுந்து போனார். நான் செடிக்குள்ள நின்னு கேட்டேன். தொழுநோய் கணக்கெடுப்பு, வேலை பாக்கறவங்க எல்லாரையும் பாக்கணும், தேமல் இருந்தா தொட்டுப் பாக்கணும்னு அந்தம்மா சொல்றாங்க.

என் பேரைக் கூப்புடறார். "அஞ்சலாட்சி, எங்க இருக்கற, வா."

அந்தப் பக்கம் தாய்ச்செடி நிக்குது பாருங்க, ஆள் ஒசரத்துக்கு. நாங்க பதியன் எடுக்கற செடிங்க. அன்னிக்கிதான் கவாத்து பண்ணியிருந்தோம். வெட்டின எடத்துலல்லாம் பால் சொட்டிக்கிட்டிருக்குது. நான் அதுக்குள்ள பூந்து தரையோட தரையாப் படுத்துக்கிட்டேன். மொகம் மண்ணுல. மேல கெளைங்க ஒரசுது. கழுத்துல சொட்டுது, கன்னத்துல வழியுது, தொடைக்கக் கையைத் தூக்கல. எலை அசைஞ்சா தெரிஞ்சிடும்னு மூச்சைக்கூட அடக்கிக்கிட்டேன். அந்தம்மா செருப்புச் சத்தம் ரெண்டு வரிசை தள்ளிக் கேக்குது. "இங்கதான் இருந்தாங்க, வூட்டுக்குப் போயிட்டாங்க போல"ன்னு யாரோ சொல்றாங்க. எவ்ளோ நேரம் கெடந்தேன்னு தெரியல. எறும்பு ஏறிக் கடிச்சிது. கெடந்தேன். பொண்ணுக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும், இந்தச் செடிங்களே, என்னை மறைச்சி வைங்கன்னு வேண்டிக்கிட்டேன். சாமிகிட்ட இல்ல மேடம், செடிங்ககிட்ட.

மறுநாள் காலையில கண்ணைத் தெறக்க முடியல. மொகம் பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சி. ஒதடு தடிச்சி, கழுத்தெல்லாம் கொப்புளம். எங்க வூட்டுக்காரர் வெளக்கைப் போட்டுப் பாத்தார். என்னை அப்பிடியே தூக்கி ஆட்டோவுல போட்டார். வேணாம், வேணாம், கல்யாணம் முடியட்டும்னு கத்தினேன். அவரு வுடல. இத்தினி மாசமா என்னைத் தொடாத மனுஷன் என் ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டார். தொடாதே தொடாதேன்னு அழுதுகிட்டே போனேன்.

ஆஸ்பத்திரியில தோல் டாக்டரு ஒரு சின்னப் பொண்ணு. சுகுணாவைவிட நாலஞ்சி வயசு கூட இருக்கும். என் கையை உறை போடாமப் புடிச்சா. இப்பிடித் திருப்பி அப்பிடித் திருப்பிப் பாத்தா. கண்ணை மூடச் சொல்லிட்டுப் பஞ்சால தடவினா, குண்டூசியால தொட்டா. எங்க தொட்டேன், எங்க தொட்டேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எல்லாம் தெரிஞ்சிது, எல்லாம் சொன்னேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். குரோட்டன்ஸ், பதியன், பால், எல்லாம்.

மறுவாட்டி வரும்போது எலையும் குச்சியும் எடுத்தாரச் சொன்னா. எடுத்துட்டுப் போனேன், அதை என் முதுகுல வச்சி பிளாஸ்திரி ஒட்டினா. ரெண்டு நாள் கழிச்சிப் பிரிச்சிப் பாத்தா அந்த எடம் மட்டும் வட்டமா செவந்து பொங்கியிருந்துச்சி.

"அம்மா, இது செடிப்பால். சில பேருக்குப் பல வருஷம் ஒண்ணும் பண்ணாது, திடீர்னு ஒரு நாள் ஒத்துக்காமப் போயிடும். நீங்க பயப்படற வியாதி இல்ல. அந்த வியாதியா இருந்தாலும் மாத்திரை இருக்கு, குணமாயிடும், ஒளிஞ்சிக்க வேண்டியதில்ல."

நான் அங்கயே ஒக்காந்து அழுதேன். எங்க வூட்டுக்காரர் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னார். டாக்டர் பொண்ணு களிம்பு எழுதிட்டு, உறை போடாமச் செடியைத் தொடக் கூடாதுன்னுட்டு, எழுதிக்கிட்டே கேட்டா.

"அங்க வேலை செய்யற வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"இல்ல டாக்டர்"னேன்.

உண்மைதானே மேடம்? அவதான் அங்க வேலை செய்யலியே.

களிம்பு போட்ட பத்து நாள்ல வீக்கம் போயிட்டுது. கையி மாசக் கடைசியில தோல் உரிஞ்சி மெத்துன்னு ஆயிட்டுது. சாரே இந்த உறையை வாங்கியாந்து குடுத்தார். சுகுணாவைக் கட்டிப் புடிச்சி எல்லாத்தையும் சொன்னேன். அவளும் அழுதா, நானும் அழுதேன். ஆனா வெளிய யாருக்கும் சொல்ல வேணாம்னு கண்டிப்பா சொல்லி வச்சேன். பாலுன்னு நாம சொல்லுவோம், கேக்கறவங்க எதைக் கேப்பாங்கன்னு சொல்ல முடியாது.

மனசு கேக்காம மார்கழியில ஒரு நாள் பவுனு ஊருக்குப் போனேன், களிம்புல பாதியை டப்பாவுல எடுத்துக்கிட்டு. வூட்டுக்குப் பின்னால மாட்டுக் கொட்டாய் ஒண்ணு. அதுல ஒரு அடுப்பு, ஒரு பாய். அங்கதான் இருக்கறா. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னா. ரெண்டு கையையும் நீட்டினா. சுத்தமா இருந்துச்சி மேடம். கொழந்தை கையி மாதிரி.

"வேலையை வுட்ட மூணு மாசத்துல தானா போயிட்டுது. அந்தப் பால்தான்டி, எனக்கு அப்பவே சந்தேகம்"னா.

"எனக்கும் டாக்டர் அதான் சொன்னாங்க"ன்னு நடந்ததைச் சொன்னேன். பவுனுக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுது. எதுக்குத் தெரியுமா? சந்தோஷத்துல. என் கையைப் புடிச்சிக்கிட்டு, "வா, என் மருமவகிட்ட வந்து சொல்லு. உன் கையைக் காட்டிச் சொல்லு. பேரப்புள்ளையைத் தூக்கி எத்தினி மாசம் ஆச்சி தெரியுமா? பொறந்ததுலேர்ந்து என் மடியிலயே கெடந்த புள்ள. இப்ப என்னைப் பாத்தா ஓடி ஒளியுது"ன்னா.

நான் என்னா சொல்லட்டும்? அந்த மருமவளோட அக்காவைக் குடுத்திருக்கறது அச்சரப்பாக்கத்துல.  "தையில கல்யாணம் பவுனு. முடியட்டும், மறுநாளே வந்து சொல்றேன்"னேன்.  "சரி, பொண்ணு நல்லா இருக்கட்டும்"னா.

கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிக்கை வைக்கல. வச்சா நாலு பேரு கேப்பாங்க. ஆனா வந்தா மேடம். புதுப் புடவை கட்டிக்கிட்டு, மண்டபத்துக் கடைசி வரிசைக்கும் பின்னால தூணாண்ட நின்னா. எனக்குத் தாலி கட்டற நேரத்துல பொண்ணு மொகத்தைப் பாக்க முடியல, தூணையே பாத்துக்கிட்டிருக்கேன், கிட்ட வந்துடுவாளோ, எதுனா பேசிடுவாளோன்னு. அவ வரல. அங்கேர்ந்தே அட்சதையைப் போட்டா, பாதி வழியிலயே விழுந்துட்டுது. சாப்புடாமயே போயிட்டா. நல்ல மனுஷி. எனக்கு அன்னிக்கித்தான் சோறு எறங்கிச்சி.

சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்ல? மாசி மாசம் போனேன். வேணும்னே ஒளியல, மறுவூடு, விருந்துன்னு நாள் ஓடிப்போச்சி. பஸ்ஸை வுட்டு எறங்கி நடக்கறேன், தெருக்கொழாயாண்ட பவுனு மருமவ தண்ணி புடிச்சிக்கிட்டிருக்கறா. சுத்தி அஞ்சாறு பொம்பளைங்க. தனியா கூப்ட்டுப் பேசலாம்னுதான் நெனச்சேன். அவ கொடத்தை வச்சிட்டு நகர மாட்டேங்கறா.

சரின்னு அங்கயே சொன்னேன். "உங்க மாமியாருக்கு அந்த வியாதி இல்லம்மா. அது செடிப்பால். ஆஸ்பத்திரியில டாக்டரே சொன்னாங்க."

"எங்க மாமியார் எந்த ஆஸ்பத்திரிக்கும் போவலியே"ன்னா.

"அவங்களைப் பாக்கல. அங்க வேலை செய்யற இன்னொருத்தருக்கு இதே மாதிரி இருந்துச்சி. அவங்களைப் பாத்துச் சொன்னாங்க."

"யாருக்கு?"

அந்த ஒத்தை வார்த்தைதான். யாருக்குன்னு கேட்டா. கொழாயை யாரோ மூடிட்டாங்க. அஞ்சாறு மொகமும் என் பக்கம் திரும்பிச்சி. எனக்கு ரெண்டு கையும் இருக்குது, சொல்ல வாயும் இருக்குது.  என் மாப்ள மொகம் வருது, சம்மந்தியம்மா மொகம் வருது, சுகுணாவுக்கு அப்ப நாள் தள்ளிப் போயிருக்குது, அவ வயிறு வருது கண்ணு முன்னால. கையி தானாப் பின்னால போயிட்டுது. முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன்.

"சொல்லுங்க, யாருக்கு?"ன்னு மறுபடியும் கேட்டா.

அப்ப பவுனு வந்தா, வூட்டுப் பக்கத்துச் சந்துலேர்ந்து. எவ்ளோ நேரமா நின்னு கேட்டாளோ. என் கையைப் பாத்தா. மருமவளைப் பாத்தா.

"வுடும்மா. எம்மேல இருக்கிற பாசத்துல ஏதோ சொல்லுது. ஆஸ்பத்திரிக்குப் போன அந்தப் பொண்ணு வேலையை வுட்டே போயிட்டுதாம், யாரு எவருன்னு இதுக்கு என்னா தெரியும்"னா. என்கிட்ட, "பஸ்ஸுக்கு நேரமாச்சி, வா அஞ்சல"ன்னா.

அவளேதான் மேடம் சொன்னா. அவளே வேணாம்னு வுட்டப்பறம் நான் என்னா செய்ய முடியும்?

ஸ்டாப்பிங் வரைக்கும் கூட வந்தா. சுகுணா முழுவாம இருக்கறதைச் சொன்னேன். வழியெல்லாம் அவளைப் பத்தியே கேட்டா. மசக்கையா, எதைக் கண்டா கொமட்டுது, புளிப்பு கேக்குதான்னு. ரெண்டு கை தூரம் தள்ளித்தான் நடந்தா. நான் தள்ளி நடன்னு சொல்லல. அவளுக்கு அப்பிடியே பழகிட்டுது போல. கிட்ட வாடின்னு சொல்லணும்னு இருந்துச்சி. ரோட்டுல லாரி சத்தம்.

பஸ்ஸு வந்துச்சி, ஏறிட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். ஸ்டாப்பிங்ல நல்ல கூட்டம், ஸ்கூல் வுட்ட நேரம். அவ்ளோ கூட்டத்துலயும் அவளைச் சுத்தி மட்டும் ஒரு ஆள் நிக்கிற எடம் காலியா இருந்துச்சி. கூட்டம் இடிச்சிக்கிட்டு நிக்குது, அந்த எடத்துக்கு மட்டும் யாரும் போவல. எறங்கிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சி. கம்பியைப் புடிச்சிக்கிட்டு எழுந்துகூட நின்னேன்.

கண்டக்டர் வந்து டிக்கெட்டுன்னார். காசை நீட்டினேன். அன்னிக்கி உறை போடல. வாங்கும்போது அவரு வெரல் என் வெரல் மேல நல்லாப் பட்டுது.  அவரு மொகத்தையே பாத்தேன்.

அவரு கையை இழுத்துக்கல. சில்லறையை என் உள்ளங்கையில வச்சி, விழுந்துடப் போவுதுன்னு வெரலை மடக்கி வுட்டுட்டுப் போனார். நான் ஒக்காந்துட்டேன்.